முருகனைக் கும்பிட்டே இறந்த பாட்டிக்கு மீட்பு உண்டா? கத்தோலிக்க, புரொட்டஸ்டண்ட் பதில்கள்: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு மூன்று தலைமுறை பின்னோக்கிப் போனால், திருநீறு பூசியே வாழ்ந்து திருநீற்றோடே சிதையேறிய ஒருவர் இருப்பார். அந்த வீட்டுப் பிள்ளை மறைக்கல்வி வகுப்பிலோ ஞாயிறு பள்ளியிலோ மோட்சம், நரகம் பற்றிக் கேட்டுவிட்டு வந்து, ஏதோ ஒரு நாள் பெற்றோர் எதிர்பாராத நேரத்தில், முருகனைக் கும்பிட்டே இறந்துபோன பாட்டி இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டுவிடும். தாய் கத்தோலிக்கராகவும் தந்தை முதல் தலைமுறை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புரொட்டஸ்டண்ட் சபை) உறுப்பினராகவும் இருக்கும் வீடென்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது. கலப்புத் திருமணத்தில் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகத் தாய் வாக்களித்திருப்பார். ஆயினும் இறந்தது தந்தையின் தாய் என்பதால், பதில் சொல்லும் உரிமையும் வலியும் தந்தைக்கே கூடுதல். இருவரும் சேர்ந்து ஒரே பதிலைச் சொல்வதென்றால் எந்த மரபின் பதிலைச் சொல்வது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

இரண்டு மரபுகளும் தமிழில் ஒரே பொருளுக்கு வெவ்வேறு சொற்களை வைத்திருக்கின்றன. கத்தோலிக்கர் இன்று மீட்பு, அருள், நம்பிக்கை, திருமுழுக்கு என்பவற்றைச் சீர்திருத்தச் சபையார், அதாவது புரொட்டஸ்டண்டுகள், இரட்சிப்பு, கிருபை, விசுவாசம், ஞானஸ்நானம் என்கிறார்கள். சொற்கள் பிரிந்தாலும் அடித்தளம் பிரியவில்லை. மீட்பு கிறிஸ்துவால் மட்டுமே வருகிறது, எந்த மனிதரும் தம் நற்செயலை விலையாகக் கொடுத்து அதை வாங்க முடியாது, கடவுள் எல்லா மனிதரும் மீட்படைய விரும்புகிறார் என்று திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் சொல்வதைத் தள்ளிவிட முடியாது என்ற மூன்றையும் இரு தரப்பின் அதிகாரபூர்வ ஆவணங்களும் ஏற்கின்றன. ஆகவே, நல்லவர் எல்லாரும் மோட்சத்துக்குப் போவார்கள் என்பதே கத்தோலிக்கப் போதனை என்று ஒரு பக்கத்தாரும், புரொட்டஸ்டண்டுகள் எல்லாரும் பிற சமயத்தாரை நரகத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மறுபக்கத்தாரும் பேசிக்கொள்வது இரண்டுமே பிழை. எல்லா மதங்களும் சமமான வழிகள் என்று ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹிக் போன்றவர்கள் முன்வைத்த மூன்றாவது நிலையும் உண்டு. அதை இரண்டு தரப்பின் விசுவாச அறிக்கைகளும் ஏற்காததால், இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

கத்தோலிக்கத் தரப்பில் கதை கடுமையாகவே தொடங்குகிறது. திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற சொற்றொடரை 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் எழுதியபோது, அவர் மனத்தில் இருந்தவர்கள் பிற சமயத்தார் அல்லர். திருச்சபையிலிருந்து பிரிந்துபோன கிறிஸ்தவர்கள். காலப்போக்கில் அந்த வாக்கியம் எல்லாருக்கும் உரியதாக நீண்டது. 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் (ஆயர்கள் கூடும் பேரவை), புறவினத்தார், யூதர், பிரிவினையாளர் எவராயினும் இறப்பதற்கு முன் திருச்சபையோடு இணையாவிட்டால் நித்திய நெருப்புக்குப் போவார்கள் என்று அறிவித்தது. இதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கொலம்பஸ் மேற்கே பயணப்பட்டார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், நற்செய்தி உலகெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, கேளாதவர் யாரும் இல்லை என்று எண்ணிய ஓர் ஐரோப்பாவின் குரல் அது என்பது புரியும்.

அந்தக் கோட்பாட்டின் பாரத்தை நேரில் சுமந்தவர் பிரான்சிஸ் சவேரியார். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றி, பின்னர் ஜப்பான் சென்று திரும்பிய அவர், 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், புதிதாகக் கிறிஸ்தவரான ஜப்பானியர் தங்கள் தாய் தந்தையரை நரகத்திலிருந்து எடுக்க வழியே இல்லையா என்று கேட்டு அழுததைக் குறிப்பிடுகிறார். வழியில்லை என்றுதான் அவர் பதில் சொன்னார். அவர்களுடைய துயரத்தைக் கண்டு தாமும் வருந்தியதாக எழுதினார். ஆனால் அதே கடிதத்தில், எவரும் வந்து போதிப்பதற்கு முன்பே கொல்லாதே, திருடாதே என்ற கட்டளைகளைப் படைத்தவர் அம்மக்களின் இதயத்தில் எழுதியிருந்தார் என்றும் வாதிடுகிறார். உள்ளத்தில் கட்டளை எழுதிய கடவுள், அந்தக் கட்டளையின்படி நடக்க முயன்றவருக்கு என்ன செய்வார் என்ற அடுத்த கேள்வியை அவர் எழுப்பவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை அதைத் தெளிவாக எழுப்பிப் பதில் சொல்ல இன்னும் நான்கு நூற்றாண்டுகள் பிடித்தன.

பதிலுக்கான கருவிகள் மட்டும் முன்பே கையில் இருந்தன. காட்டில் வளர்ந்து நற்செய்தியைக் கேட்டிராத ஒருவன் தன் இயல்பறிவின்படி நன்மையை நாடினால், கடவுள் ஓர் உள்தூண்டுதலாலோ ஒரு போதகரை அனுப்பியோ தேவையானதை அவனுக்குக் காட்டுவார் என்று 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதியிருந்தார். திருமுழுக்கோ அதற்கான விருப்பமோ இன்றி ஒருவர் நீதிமானாவதில்லை என்று 1547இல் திரெந்து பொதுச்சங்கம் சொன்னபோது, 'விருப்பம்' என்ற அந்த ஒற்றைச் சொல் ஒரு கதவைத் திறந்து வைத்தது. 1854இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர், தம் குற்றமின்றி உண்மைச் சமயத்தை அறியாதவர்மேல் அதற்காகப் பழியில்லை என்று சொன்னதோடு, மக்களினங்களும் நாடுகளும் மனப்பாங்குகளும் இவ்வளவு வேறுபட்டிருக்கும்போது அந்த அறியாமைக்கு எல்லை வகுக்க யாரால் முடியும் என்றும் கேட்டார். திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்பதை நேர்ப்பொருளில் போதித்த பாஸ்டன் இயேசு சபைக் குரு லியோனர்ட் ஃபீனியின் விளக்கத்தை 1949இல் உரோமை மறுத்தது. கீழ்ப்படிய மறுத்ததற்காக 1953இல் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். திருச்சபைக்கு வெளியே யாருக்கும் மீட்பில்லை என்று மிகையாக வலியுறுத்தியவரே வெளியே நிற்க நேர்ந்தது வரலாற்றின் குறும்பு. 1972இல் அவர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு ஏட்டின் 16ஆம் பத்திதான் இன்றைய கத்தோலிக்கப் பதிலின் மையம். தம் குற்றமின்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டும் அவருடைய திருவுளத்தை அருளின் தூண்டுதலால் நிறைவேற்ற முயல்வோர் நிலைவாழ்வை அடைய முடியும் என்கிறது அப்பத்தி. இதில் 'முடியும்' என்ற சொல்லையும் 'அருளின் தூண்டுதலால்' என்ற சொற்களையும் தாண்டிப் படிப்பவர்கள் அதிகம். எல்லாரும் அடைவார்கள் என்று பொதுச்சங்கம் சொல்லவில்லை. அதே பத்தியின் இறுதியில், மனிதர் பலவேளை பொய்யில் விழுந்து படைப்பைப் படைத்தவரின் இடத்தில் வைத்துவிடுகிறார்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. 14ஆம் பத்தியோ இன்னும் கடுமையானது: திருச்சபை மீட்புக்குத் தேவை என்று அறிந்தும் அதில் சேர மறுப்பவர் மீட்படைய முடியாது, அன்பில் நிலைத்திராத கத்தோலிக்கரும் உடலால் திருச்சபையில் இருந்தாலும் மீட்படைவதில்லை.

இங்கே பாட்டியின் வழக்குக்குத் தேவையான கேள்வி ஒன்று எழுகிறது. அறிந்திருப்பது என்றால் என்ன? நம் ஊர்ப் பாட்டி அக்குவினாஸ் கற்பனை செய்த காட்டு மனிதர் அல்லர். தெருமுனையில் மாதா கோவில் இருந்தது. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு போய்வந்திருப்பார். பூஜை மாடத்தில் முருகனுக்கு அருகே இயேசு படமும் இருந்திருக்கக்கூடும். இயேசுவின் பெயரை அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயரை அறிவதும், அவரே வழி என்று உள்ளம் கண்டுகொண்ட பிறகும் மறுப்பதும் ஒன்றல்ல. மகன் மதம் மாறியது அவருக்கு ஒரு குடும்பப் பிளவாக, சாதிசனத்தின் முன் தலைகுனிவாக மட்டுமே அனுபவமாகியிருந்தால், அவர் மறுத்தது நற்செய்தியையா, அந்தத் தலைகுனிவையா என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது. அறியாமைக்கு எல்லை வகுக்க யாரால் முடியும் என்ற 1854ஆம் ஆண்டுக் கேள்வி இந்த வீட்டுக்கும் சேர்த்தே கேட்கப்பட்டதுபோல் இருக்கிறது.

சீர்திருத்தத் தரப்பு இந்த வழியில் வராததற்குக் காரணம் மனக்கடினம் அன்று. இந்தக் கத்தோலிக்க வழி பெரிதும் உள்ளடங்கிய நம்பிக்கை என்ற கருத்தின்மேல் நிற்கிறது. ஒருவர் வெளிப்படையாக அறியாததையும் தம் பொதுவான இறைத்தேட்டத்துக்குள் நம்பியிருக்க முடியும் என்பது அது. கால்வின் போன்ற சீர்திருத்தவாதிகள் இந்தக் கருத்தையே எதிர்த்தார்கள். திருச்சபை நம்புவதை நானும் நம்புகிறேன், அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்லும் மக்களைத் திருச்சபை அப்படியே விட்டுவைத்தது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. விசுவாசம் கேள்வியினால் (காதால் கேட்பதால்) வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும் என்ற ரோமர் 10ஆம் அதிகாரம் அவர்களுக்கு முழு எடையோடு நின்றது. உழவரும் நெசவாளரும் வேதத்தைத் தம் மொழியில் படிக்க வேண்டும் என்ற பேரியக்கம் இந்த வற்புறுத்தலிலிருந்தே பிறந்தது. தமிழில் 18ஆம் நூற்றாண்டிலேயே தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு அச்சேறியதும் அதன் பலன்தான். கிறிஸ்தவரைப் படிக்க வைத்த அதே கொள்கை, கேட்டிராதவருக்கான கதவை ஒடுக்கியது.

ஆவணங்களில் அந்த ஒடுக்கம் வெளிப்படையாகத் தெரிகிறது. 1529இல் லூத்தர் எழுதிய பெரிய ஞானோபதேசம், ஒரே மெய்த் தேவனை நம்பினாலும் கிறிஸ்துவின்றி இருப்போர் கோபாக்கினையின்கீழ் இருப்பதாகச் சொல்கிறது. ஒவ்வொருவனும் தன் மார்க்கத்தின்படியும் இயற்கை வெளிச்சத்தின்படியும் கவனமாக நடந்தால் அதனாலேயே இரட்சிக்கப்படுவான் என்று துணிந்து சொல்வோரை ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 பிரிவுகளில் 18ஆவது கண்டிக்கிறது. பிரஸ்பிட்டேரிய மரபின் 17ஆம் நூற்றாண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் இதையே இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. 1974இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் கூடிய, சுவிசேஷம் அறிவிப்பதை முதன்மையாகக் கொண்ட புரொட்டஸ்டண்டுகளின் உடன்படிக்கை, இயற்கையில் எல்லாருக்கும் தேவனைப் பற்றிய ஓரளவு அறிவு உண்டு என்று ஒப்புக்கொண்டு, அந்த அறிவால் இரட்சிப்பு வரும் என்பதை மறுக்கிறது. ஆனால் அந்த உடன்படிக்கையை வரைந்ததில் முதன்மையானவரான ஆங்கிலிக்கக் குரு ஜான் ஸ்டாட்டே, சுவிசேஷத்தைக் கேளாமல் இறந்தவர்களின் நிலை பற்றித் தமக்கு உறுதியான முடிவு இல்லை என்று பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். இயற்கை அறிவு இரட்சிக்காது என்பதும், கேளாதவர் அனைவரும் அழிந்தார்கள் என்பதும் இருவேறு கூற்றுகள் என்பதை அவர் கண்டிருந்தார்.

சீர்திருத்த மரபுக்குள் ஆரம்பத்திலிருந்தே வேறொரு நீரோட்டமும் உண்டு. 1531இல் சூரிக்கின் சீர்திருத்தவாதி ஸ்விங்ளி, பிரான்ஸ் மன்னருக்கு எழுதிய விசுவாச விளக்கத்தில், பரலோகத்தில் ஆதாமோடும் பவுலோடும், கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த சோக்ரதேஸையும் கேட்டோவையும் மன்னர் காண்பார் என்று எழுதி லூத்தரின் சினத்தைச் சம்பாதித்தார். அவருடைய காரணம் அந்தப் பெரியோரின் நற்குணம் அன்று. தேர்ந்துகொள்ளும் தேவனின் சுதந்தரம். வெளிப்படையான ஊழியம் இல்லாமலும் தாம் விரும்பியவரைத் தேவன் பிரகாசிப்பிக்க முடியும் என்று சுவிஸ் சீர்திருத்தச் சபைகளின் 1566ஆம் ஆண்டு இரண்டாம் ஹெல்வெத்திய அறிக்கை ஒரு வரி வைத்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையே, தேர்ந்துகொள்ளப்பட்ட குழந்தைகளும் வசனத்தைக் கேட்டறிய இயலாத பிறரும் ஆவியானவரால் இரட்சிக்கப்படுவதாகச் சொல்கிறது. வசனத்தைக் கேளாமலே இரட்சிப்பு வர ஒரு வழி இங்கே ஏற்கப்பட்டுவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். குழந்தை எதையும் மறுக்கவில்லை, வளர்ந்தவரோ தமக்குக் கிடைத்த வெளிச்சத்தையும் மறுத்தவர் என்று சீர்திருத்த இறையியலார் பதில் சொல்வார்கள். படைப்பின் வழியே தேவனை அறிந்தும் மனிதர் அவரை மகிமைப்படுத்தவில்லை என்னும் ரோமர் முதல் அதிகாரம் அந்தப் பதிலுக்குத் துணை நிற்கிறது. புறவினத்தாரின் இதயத்திலும் கட்டளை எழுதப்பட்டிருக்கிறது என்னும் இரண்டாம் அதிகாரம் அவ்வளவு எளிதாகத் துணை நிற்பதில்லை என்பது என் எண்ணம். மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லியோ, ஒவ்வொருவரையும் முந்திக்கொண்டு வந்து தொடும் கிருபை என்ற போதனையின் வழியே நடந்து, தம் இறுதிக்காலப் பிரசங்கம் ஒன்றில், புறமதத்தாரை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கத் தமக்கு உரிமையில்லை, அவர்களை அவர்களுக்கும் தேவனாக இருப்பவரிடமே விட்டுவிடுகிறேன் என்று முடித்தார். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரிய, காங்கிரிகேஷனல் மரபினர் ஆகியோர் சேர்ந்து உருவான தென்னிந்தியத் திருச்சபைக்குள் 18ஆம் பிரிவும் வெஸ்ட்மின்ஸ்டரும் வெஸ்லியும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன. நம் தந்தையிடம் உங்கள் சபையின் பதில் என்ன என்று கேட்டால், எந்த மூதாதையின் பதில் என்று அவர் திருப்பிக் கேட்க நேரும்.

இந்த விவாதத்தின் முக்கியமான ஒரு கட்டம் நம் ஊரிலேயே நடந்தது. 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர், கிறிஸ்துவில் வெளிப்பட்ட தேவனுக்கும் மனிதரின் மதங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று வாதிட்டார். சென்னையைச் சேர்ந்த சக்கரை, சென்சையா முதலிய இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் அதை ஏற்கவில்லை. தாங்கள் பிறந்து வளர்ந்த இந்து மரபைத் தங்கள் விசுவாசத்தின் பகையாக அவர்களால் பார்க்க முடியவில்லை. கிரேமர் பெரிதும் கடன்பட்ட சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்திடம், இந்து மதம் அவிசுவாசம் என்று ஓர் இந்துவைக்கூடச் சந்திக்காமல் எப்படி அறிந்தீர்கள் என்று இலங்கைத் தமிழரான டி. டி. நைல்ஸ் கேட்டதாகவும், அனுபவத்துக்கு முன்பே அறிந்த உண்மை அது என்று பார்த் சொன்னதாகவும், தாம் தலையசைத்துச் சிரித்ததாகவும் நைல்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாட்டியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களால் அப்படி முன்பே அறிந்துவிட முடிவதில்லை.

மதுரையிலும் பின்னர் சென்னையிலும் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் இன்னொரு வழி காட்டினார். இளமையில் காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மிஷன் துறவிகளோடு அமர்ந்து உபநிடதமும் யோவான் சுவிசேஷமும் மாறி மாறிப் படித்தவர் அவர். கிறிஸ்துவின் தனித்தன்மையில் விட்டுக்கொடுக்காமலும், கிருபையைச் சபை உறுப்பினருக்குள் அடைத்துவிடாமலும், பிற மதங்களையே இரட்சிப்பின் சாதனங்கள் என்று அறிவிக்காமலும் நிற்பதே சரி என்றார். இன்னாருக்கு மோட்சம் உண்டா என்று நாம் கேட்கும் கேள்வியே நியாயாதிபதியின் இருக்கையில் ஏறி அமரும் முயற்சி என்பது அவருடைய கண்டிப்பு.

இப்போது இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால், கத்தோலிக்கப் பதிலின் பலம் அது ஒரு திருச்சபையின் பதில் என்பதுதான். தாய் அதைச் சொந்தக் கருத்தாகச் சொல்ல வேண்டியதில்லை. பொதுச்சங்கமும் 1992இன் மறைக்கல்வி ஏடும் அவர் பின்னால் நிற்கின்றன. அதன் பலவீனம், இன்னொருவரின் பக்தியை நம் சொல்லால் பெயரிட்டுவிடும் ஆசை. கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் இத்தகையோரைப் பெயரறியாக் கிறிஸ்தவர்கள் என்று அழைத்தபோது, அது பிற சமயத்தாருக்கு இழிவு என்று சக கத்தோலிக்கரான ஹான்ஸ் குங்கே சாடினார். பாட்டியிடம் நீங்கள் உண்மையில் கிறிஸ்தவர்தான் என்று சொல்லியிருந்தால், கையிலிருந்த முறத்தால் ஓர் அடி விழுந்திருக்கும். மேலும் பாட்டியை அருள் அவருடைய வழிபாட்டின் மூலமாகவே தொட்டதா, அதையும் மீறித் தொட்டதா என்பதில் கத்தோலிக்கத்துக்குள்ளும் இழுபறி தொடர்கிறது. 2000ஆம் ஆண்டில் உரோமை வெளியிட்ட விளக்கம், பிற சமயத்தார் இறையருளைப் பெற முடியும் என்று ஒப்புக்கொண்டே, திருச்சபையின் நிறைவோடு ஒப்பிட அவர்கள் நிலை பெரும் குறைபாடுடையது என்றது. 2024 செப்டம்பரில் சிங்கப்பூரில் இளைஞர்களிடம் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், மதங்களைக் கடவுளை அடைவதற்கான வெவ்வேறு மொழிகளுக்கு ஒப்பிட்டார். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவைபோல் ஒலிக்கவில்லை என்று கத்தோலிக்கரே வாதிட்டார்கள்.

சீர்திருத்தப் பதிலின் பலம், விசுவாசத்தை அது விசுவாசமாகவே வைத்திருப்பது. நல்ல மனமிருந்தால் போதும் என்று அதை நீர்த்துப்போக விடுவதில்லை. உயிரோடிருக்கும் அயலாருக்குச் சுவிசேஷத்தைச் சொல்ல வேண்டிய அவசரம் அதில் மங்குவதில்லை. அது பலவீனமாவது பிறப்பிடம் பற்றிய கேள்வியில்: எந்த ஊரில், எந்த நூற்றாண்டில் பிறந்தார் என்பதே ஒருவருடைய நித்தியத்தைத் தீர்மானித்துவிடுமா என்ற கேள்விக்கு அதன் கடும் வடிவத்தால் ஏற்கத்தக்க பதில் தர முடியவில்லை. மென்மையான வடிவமோ தேவனிடம் விட்டுவிடுகிறேன் என்று நின்றுவிடுகிறது. அது நேர்மையான நிலைதான்; ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது பதிலைத் தவிர்ப்பதுபோல் கேட்கும்.

என்னைக் கேட்டால், இந்த வீட்டுக்குப் பொருளில் 1964ஆம் ஆண்டுப் பத்தியையும், தொனியில் நியூபிகினையும் எடுத்துக்கொள்வேன். பாட்டி இயேசுவால் மீட்கப்பட்டிருக்க முடியும், அவர் யாரை எப்படித் தேடினார் என்பது கடவுளுக்குத் தெரியும் என்று பிள்ளையிடம் சொல்லலாம். கட்டாயம் மோட்சத்தில்தான் இருக்கிறார் என்ற உறுதிமொழி கொடுக்கக் கூடாது. தந்தை இதைச் சொல்ல வெஸ்லியின் மரபை விட்டு வெளியேற வேண்டியதில்லை. வெஸ்ட்மின்ஸ்டரை எழுத்துக்கு எழுத்து ஏற்கும் ஒரு குடும்பத்தால் இதைச் சொல்ல முடியாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அவர்கள் ஸ்டாட் நின்ற இடம்வரை வந்தால் அதுவே பெரிய தூரம்.

சொல்லில் ஒன்றுபட்டாலும் செயலில் ஓர் இடைவெளி மிஞ்சும். இறந்தோர் மோட்சத்துக்கு முன் தூய்மை பெறும் நிலையான உத்தரிக்கும் தலத்தைச் சீர்திருத்தச் சபைகள் மறுத்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றில் இறந்தோருக்காக மன்றாடும் வழக்கமும் போய்விட்டது. அங்கே நினைவு ஆராதனை நன்றி செலுத்துவதற்கானது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் விதியோ, உயிரோடிருப்பவர், இறந்தவர் என யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. திருமுழுக்குப் பெற்றவர் என்ற நிபந்தனை அதில் இல்லை. பூசையின் நான்காம் நற்கருணை மன்றாட்டிலும், யாருடைய நம்பிக்கையைக் கடவுள் ஒருவரே அறிவாரோ அந்த இறந்தோரும் நினைவுகூரப்படுகிறார்கள். ஆகவே நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, தாய் தம் மாமியாரின் பெயரைப் பங்கு அலுவலகத்தில் பூசைக் கருத்தாக எழுதிக் கொடுக்கலாம். மன்றாடாவிட்டாலும் தந்தை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பூசையில் உட்கார்ந்திருக்கலாம். அதற்கு அவருடைய சபையில் தடையில்லை.